எண்பத்து மூன்று கிலோ

போன கிழமை மேல்மாடிக்காரி வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, உங்கடை அந்தக் குளிர்க்கோட்டை ஒருக்காத் தாங்கோ, நாங்கள் ஊருக்குப் போறம்" என்றாள். இல்லை என்றேன். "கிழிஞ்சு போச்சோ?" என்று கேட்டாள். கிழியவில்லை, இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள். இத்தாலியில், பலேர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில், எங்கள் கட்டிடத்தில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பின்னேரத்துக்குள் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்ற செய்தி ஐந்து வீட்டுக்கும் போயிருக்கும். போகட்டும். ஆளாளுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

அந்தக் கோட்டை உண்டாக்கியவளே நான்தான். பலேர்மோவிலிருந்து இலங்கைக்குப் போகிற எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தத் துன்பம் தெரியும். சூட்கேஸுக்கு இத்தனை கிலோ, கைப்பைக்கு இத்தனை கிலோ என்று விதி இருக்கும். அதற்கு மேல் ஒரு சொக்கலேற் பெட்டி இருந்தாலும் கவுண்டரில் இருக்கிற பெண் உதட்டைச் சுழிப்பாள். ஆனால் ஆளை ஒருவரும் நிறுப்பதில்லை. இதை யோசித்து, கபோ சந்தையில் வாங்கிய பெரிய ஆண்கள் குளிர்க்கோட்டு ஒன்றின் உட்புறம் பதினான்கு பொக்கற்றுகள் தைத்தேன். ஓகஸ்ட் மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வேர்த்து ஒழுகி, விமானம் ஏறியிருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்கிற என் மனுசன், "உன்னைப் பாத்தா சாமான் ஏத்தி முடிஞ்ச கப்பல் மாதிரிக் கிடக்கு" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் தன்னுடைய சாமானையும் என் பொக்கற்றில்தான் வைப்பார். பிறகு அந்தக் கோட்டு வீடு வீடாகப் போய் வந்தது. கோவிலில் அதைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள்கூட இருக்கிறார்கள்.

நான் மன்னார்ப் பக்கத்துக்காரி. பலேர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வந்த காலம் தொட்டு ஒரு பல் டாக்டர் அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். அவரை டொட்டோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் அம்மா என்று அர்த்தம். கண்டிப்பான மனுசி, நேர்மையான மனுசி, வாயில் தேள்கொடுக்கு. ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பப்புவா நியூ கினியின் மலைக் கிராமங்களில் பல் பிடுங்க ஆளில்லை என்று ஒரு பாதிரியார் சொன்னாராம். வருடத்துக்கு ஐந்து கிழமை போய் வரத் தொடங்கினார். இரண்டாம் வருடம் துணைக்குப் போக இருந்த தாதி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். "நீ வாறியா? சமைக்கவும் கருவிகளை அவிக்கவும் ஆள் வேணும்" என்று என்னைக் கேட்டார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் மழையில் நின்ற காலத்தில் எனக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்ற மனுசி அவர். எப்படி மாட்டேன் என்று சொல்வது? ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அப்படி ஐந்து தடவை போயிருக்கிறேன்.

மலைக்குள் பறப்பது எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாரும் ஆசையாகக் கேட்பார்கள். அலுப்பாக இருக்கும். பறப்பது கொஞ்ச நேரம்தான், மிச்சமெல்லாம் காத்திருப்பு. விடிய எழும்பிப் பட்டணத்து விமானக் கொட்டகைக்குப் போய்ப் பெட்டி மேல் குந்தியிருப்போம். அங்கிருந்து கிராமத்துக்கு ரேடியோ போட்டு வானம் எப்படி என்று விமானி கேட்பார். ரேடியோ வைத்திருக்கிறவருக்குத் தன்னுடைய சீனியும் மண்ணெண்ணெயும் வந்து சேர வேண்டும் என்ற கவலை. "நல்ல வெளிச்சம்" என்பார். அரை மணித்தியாலம் பறந்து போனால் மலை முழுக்கப் பஞ்சு மூடினமாதிரி முகில் கிடக்கும். திரும்பி வருவோம். மறுபடியும் பெட்டி மேல் குந்தியிருப்போம். மத்தியானத்துக்குப் பிறகு மலை மூடிக்கொள்ளும் என்பதால் அன்றைய பாடு அதோடு முடிந்தது. அடுத்த நாளும் இதே கூத்துத்தான்.

முகில் விலகிவிட்டால் வேறு பாடு. அந்தக் கிராமங்களுக்கு வீதி கிடையாது. மலைச்சரிவில் புல்லை வெட்டி ஒரு ஓடுபாதை வைத்திருப்பார்கள். மேல் முனையில் மலை, கீழ் முனையில் பள்ளத்தாக்கு. விமானம் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே இறங்கும், போகும்போது பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டே கிளம்பும். ஒரு தரம் இறங்கத் தொடங்கினால் திரும்பி எழும்ப இடமில்லை என்று விமானி முதல் நாளே சொல்லிவிட்டார். எதற்குச் சொன்னாரோ தெரியாது. அன்றைக்குக் கண்ணை மூடிச் செபமாலையைப் பிடித்தவள், ஐந்து வருடமும் ஒரு இறக்கத்தையாவது கண்ணால் பார்க்கவில்லை. பன்றிகளைக் கலைக்கிற சத்தம் கேட்டால் மண்ணில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வேன்.

அந்த விமானி அந்த நாட்டுக்காரர்தான். ஐம்பது வயதிருக்கும். அரைக்காற்சட்டை போட்டு, காதில் பென்சில் செருகியிருப்பார். அதிகம் கதைக்கமாட்டார். அவருக்கு முக்கியம் நிறை. கொட்டகையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று இருந்தது. அதில் பைகளையும் நிறுப்பார்கள், ஆட்களையும் நிறுப்பார்கள். ஏறி நின்றால் தராசுக்காரன் நிறையை உரத்துக் கூவுவான், விமானி அதை மட்டையில் எழுதுவார். எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில்கூட ஒருவரும் என் நிறையைக் கேட்டதில்லை. முதல் வருடம் எழுபத்திரண்டு என்று கொட்டகை முழுக்கக் கேட்டது.

அந்த முதல் வருடம் ஐந்து கிழமையும் வற்றாளைக் கிழங்குதான் சாப்பாடு. காலமையும் அதுதான், மத்தியானமும் அதுதான், இரவும் அதுதான். நல்ல சனங்கள், தங்களிடம் இருந்ததைத் தந்தார்கள். ஆனால் மூன்றாம் கிழமை எனக்குச் சோற்றை நினைத்து அழுகை வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அடுத்த வருடம் பெட்டியில் அந்தக் கோட்டையும் எடுத்துப் போனேன். விமானத்தில் ஒருவருக்குப் பை பதினைந்து கிலோ, அதற்கு மேல் ஒரு பிடிகூட விடமாட்டார்கள். ஆனால் ஆளுக்கு அளவில்லை. ஆள் எவ்வளவு நிறையோ அதை எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். பதினான்கு பொக்கற்றிலும் அரிசி, பருப்பு, கருவாடு, தூள் நிரப்பிக்கொண்டு தராசில் ஏறினேன். "எண்பத்து மூண்டு" என்று கூவினான்.

"ஒரு வருசத்திலை இப்பிடி ஊதிட்டியே" என்றார் டொட்டோரெஸ்ஸா.

தலையைக் குனிந்துகொண்டேன். மட்டையில் எழுதிய நிறை சரியான நிறை. யாருக்கும் ஆபத்தில்லை, யாரையும் ஏமாற்றவில்லை என்று என் மனச்சாட்சிக்கு நானே சேர்டிபிக்கற் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் நான் எண்பத்து மூன்று கிலோதான்.

உண்மையான களவு திரும்பி வரும்போதுதான். அந்த மலையில் கோப்பி விளைகிறது. பல் பிடுங்கிக்கொண்ட பெண்கள் கொட்டைகளைச் சிறு பைகளில் கட்டிக் கொண்டுவந்து தருவார்கள். டொட்டோரெஸ்ஸாவுக்கு அது ஆகாது. "ஒரு முட்டைகூட வாங்கக் கூடாது. இல்லாதவையிட்டை வாங்கினா நாங்கள் வந்ததுக்கு என்ன அர்த்தம்?" என்று சட்டம் போட்டிருந்தார். அவர் முகத்துக்கு முன் வேண்டாம் என்பேன். குசினிக் கதவால் வந்தால் வாங்கிக்கொள்வேன். அரிசி தீரத் தீரப் பொக்கற்றுகள் கோப்பியால் நிரம்பும். பலேர்மோவில் அதை வறுத்து இடித்தால் படிக்கட்டு முழுக்க மணக்கும். கோவில் திருநாளில் எல்லாரும் என் கோப்பியைப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்களின் வீட்டைத் துடைத்து வாழ்கிறவளை எதற்காகவாவது நாலு பேர் புகழ்வது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

ஐந்தாவது வருடம், கடைசி நாள். காலையில் விமானம் வந்து இறங்கியது. பைகள் நிறுத்தாகிவிட்டது. கிராமத்தில் ஆளை நிறுக்கிற தராசு இல்லை, கோப்பி மூட்டையைக் கொளுவி நிறுக்கிற தொங்கு தராசு ஒன்றுதான் மரத்தில் இருந்தது. அதனால் விமானி மட்டையைப் பார்த்து, "வரேக்கை இருந்த அதே நிறைதானே?" என்று கேட்டார். ஓம், அதே நிறை என்றேன். அதுவும் பொய்யில்லை. பொக்கற்றுகள் அத்தனையிலும் கோப்பி இருந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு பெண்ணைக் காவுதடியில் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். இரண்டு நாளைக்கு முன் பிள்ளை பெற்றவள். பிள்ளை சுகம், பால் கொடுக்க மச்சாள் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை, காய்ச்சலும் வந்துவிட்டது. டொட்டோரெஸ்ஸா பல் டாக்டர்தான். என்றாலும் பார்த்த உடனே, இவளை இன்றைக்கே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார். சேலைன் ஏற்றினார். பின்னால் அவளுடைய அம்மா வந்தா. மெலிந்த மனுசி, என்னைவிடச் சில வயது கூட இருக்கும். தானும் வருவேன் என்றா.

அந்த ஊரில் அது ஆசையில்லை, தேவை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருக்கவேண்டும். சமைத்துக் கொடுப்பது, கழுவி விடுவது, இரத்தம் வேண்டுமென்றால் கையை நீட்டுவது எல்லாம் அவர்தான். அம்மா ஏறினால் அந்தப் பெண்ணுக்கு ஆள் இருக்கும். ஏறாவிட்டால் இல்லை.

விமானி அம்மாவைத் தொங்கு தராசடிக்குக் கூட்டிப்போனார். கோப்பி மூட்டை கொளுவுகிற கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கினா அந்த அம்மா. நாற்பத்திநாலு கிலோ. விமானி பென்சிலை எடுத்துக் கூட்டினார், கழித்தார். பல் பிடுங்குகிற மடிப்புக் கதிரையை இறக்கினோம். கருவிப் பெட்டிகளை இறக்கினோம். என் பையையும் டொட்டோரெஸ்ஸாவின் பையையும் இறக்கினோம். என்னை விட்டுவிட்டுப் போகலாமா என்று விமானி கேட்டார். "என்ரை கை நடுங்குது. ஒராள் சேலைன் பிடிக்கோணும், ஒராள் வயித்தை அமத்திப் பிடிக்கோணும். இவள் இல்லாமல் ஏலாது" என்றார் டொட்டோரெஸ்ஸா. விமானி மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

"இன்னும் எட்டுக் கிலோ கூட" என்றார். "ஓடுபாதை முடியிற இடத்திலை நிலம் இல்லை. எட்டெண்டா எட்டுத்தான்."

எழுபத்துநாலு வயது டொட்டோரெஸ்ஸா புல்லில் குந்தி, இரண்டு சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு எழும்பி நின்றார். "இப்ப?" என்று கேட்டார். விமானி சப்பாத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். காணாது.

நான் அந்தக் கோட்டோடு நின்றேன். பதினொரு கிலோ என் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் எட்டுக் கிலோவைத் தேடினார்கள். தண்ணீர்க் கான்கூட வெளியே வந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டால் அதுவும் வேண்டாம்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். டொட்டோரெஸ்ஸாவுக்கு முன்னால் களவு வெளியே வரும் என்ற வெட்கம் ஒன்று. அந்த மனுசி சப்பாத்துக் கழற்றி நின்ற பிறகு அந்த வெட்கம் இரண்டு மடங்காகிவிட்டது. இன்னொன்று, கவுண்டர்களில் பழகிய பழக்கம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், கேளாததைச் சொல்லாதே, வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே. குவெஸ்தூராவிலும் விமான நிலையத்திலும் அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வந்து சேர்ந்த ஆட்களுக்கெல்லாம் நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்று நாளில் அடுத்த விமானம் வரும், அம்மா அதில் வரலாம் என்று விமானி சொன்னது என் காதில் இனிமையாக விழுந்தது. பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு சாட்டு கிடைத்துவிட்டது. முகில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது. இதெல்லாம் நடந்து முடிய இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. விமானி மட்டையை மடித்து, கதவைச் சாத்தினார்.

அம்மா ஓடுபாதை ஓரத்தில் நின்று, மகள் படுத்திருந்த பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தா. விமானம் சரிவில் ஓடியது. அன்றைக்கு மட்டும் நான் கண்ணை மூடவில்லை. ஒரு கையால் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணை யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். டொட்டோரெஸ்ஸா பயணச் சீட்டுகளைப் பின்போட்டார். என் இரத்தம் சேரவில்லை. அவருடையதை வயதென்று எடுக்கவில்லை. கடைசியில் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கொடுத்தார். நான் கஞ்சி காய்ச்சினேன், துணி மாற்றினேன், துடைத்து விட்டேன். இந்த வேலைகள் எனக்குத் தெரியும், என் பிழைப்பே இதுதானே. அந்தப் பெண்ணுக்குக் குளிர் நடுங்கியது. கோப்பியை எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் கொட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கோட்டை அவள் மேல் போர்த்தினேன்.

அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். சுகமாக இருந்த நாளில் அந்த நாட்டுப் பொதுப் பாஷை அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் அது சமாளிக்கத் தெரியும். ஆனால் காய்ச்சலில் அவளுடைய ஊர்ப் பாஷை மட்டும்தான் வந்தது. நாலைந்து கிராமம் மட்டும் பேசுகிற பாஷையாம், ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. என் முகத்தைப் பார்த்து, என் கையைப் பிடித்து, ஏதோ கேட்பாள். பதிலுக்குக் காத்திருப்பாள். நான் "ஓம் பிள்ளை, ஓம்" என்பேன். திரும்பவும் கேட்பாள். திரும்பவும் ஓம் என்பேன். மூன்றாம் நாள் காலமை அவள் செத்துப் போனாள்.

தாய் வந்திருந்தாலும் உயிர் தப்பியிராது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். டொட்டோரெஸ்ஸாவும் அதையே சொன்னார். அவர்கள் ஆறுதலுக்குப் பொய் சொல்கிற ஆட்களில்லை. அதை நான் நம்புகிறேன்.

மூன்று நாளில் வரும் என்ற விமானம் முகிலால் போகவில்லை. அந்த அம்மா அதற்குக் காத்திருக்கவுமில்லை. நாங்கள் கிளம்பிய அன்றே நடக்கத் தொடங்கிவிட்டா. நாலாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றா. கால் இரண்டும் வீங்கிப் பிளந்திருந்தது. மகளைப் பார்த்துவிட்டு வந்து, வெளி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தா. என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து, பொதுப் பாஷையில் நன்றி சொன்னா. கடைசி மட்டும் மகளைப் பார்த்தது நான் என்று தாதிமார் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நன்றியை என்னால் சுமக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழே கிடந்த தலையணை உறையை இழுத்துக்கொண்டு வந்து அவவின் காலடியில் வைத்தேன். டொட்டோரெஸ்ஸா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் சொன்னேன். இது என் கோட்டுக்குள் இருந்தது, அன்றைக்கு நான் சொல்லவில்லை என்றேன். அவ குனிந்து உறையைக் கையால் தூக்கினா. வாழ்நாள் முழுக்கக் கோப்பி சுமந்த கை, நிறை தெரியாமல் இருக்குமா? மெதுவாகக் கீழே வைத்தா.

"அப்ப நானும் ஏறியிருக்கலாம்" என்றா.

"ஓம்" என்றேன்.

ஏசுவா, அடிப்பா என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. அவ என் பக்கம் திரும்பி, "பிள்ளை கடைசியா என்ன சொன்னவள்?" என்று கேட்டா.

"கனக்கக் கதைச்சவள்" என்றேன். "எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."